ஸ்பானியப் பழமொழிகளோடு அவற்றின் சூழலையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் பன்னாட்டுப் பழமொழிகள் பகுதியில் அண்மையில் ஸ்பெயின் நாட்டுக்கு இடம் கொடுத்திருந்தீர்கள். நல்ல முயற்சி, அதற்கு என் நன்றி. ஆயினும் ஸ்பானிய மொழியையும் இலக்கியத்தையும் விரும்பிப் படித்துவருபவன் என்ற முறையில் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே அச்சான ஒவ்வொரு பழமொழியும் ஒற்றை வரியாக, யார் யாரிடம் எந்த நேரத்தில் சொல்வது என்ற குறிப்பு ஏதுமின்றி, யாரோ ஒரு ஞானி உபதேசித்ததைப் போல நின்றது. ஸ்பெயினில் பழமொழி உபதேசமாக வழங்குவது குறைவு. பெரும்பாலும் அது பேச்சின் நடுவே சட்டென்று வந்து விழும் பதிலடி. சில சமயம் விவசாயியின் பஞ்சாங்கம். சில சமயம் ஓர் ஊரில் நடந்த பழைய வம்பின் மிச்சம். இன்னும் சில சமயம் வெறும் வசை. சூழலை நீக்கிவிட்டு வரியை மட்டும் அச்சிட்டால் இந்த வேறுபாடுகள் எல்லாம் அழிந்து, அத்தனையும் பொன்மொழிகளாகிவிடுகின்றன.

தாங்கள் முதலாவதாக வெளியிட்டிருந்த 'அதிகாலையில் எழுபவனுக்கு ஆண்டவன் துணை' என்பதையே எடுத்துக்கொள்வோம். ஸ்பெயினில் மிகப் பரவலாக வழங்கும் பழமொழிதான். ஆனால் 'எவ்வளவு சீக்கிரம் எழுந்தாலும் பொழுது முன்கூட்டி விடிந்துவிடாது' என்பதும் அங்கே அதே அளவுக்குப் பரவலாக வழங்குகிறது. படுக்கையை விட்டு எழாத பிள்ளையிடம் முதலாவதைச் சொல்வார்கள். பதறிப் பதறிக் காரியத்தைக் கெடுப்பவரிடம் இரண்டாவதைச் சொல்வார்கள். இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே நாளில் வரலாம். அதில் முரண் இருப்பதாக எவரும் கருதுவதில்லை. முதல் பழமொழியையே மடக்கும் ஒரு குட்டிக் கதையும் உண்டு. சீக்கிரம் எழுந்து வெளியே போன ஒருவன் வழியில் பணப்பையைக் கண்டெடுத்தான் என்று தந்தை மகனுக்குப் புத்தி சொல்கிறார். மகன் படுத்தபடியே, 'அந்தப் பையைத் தொலைத்தவன் அவனுக்கும் முன்னால் எழுந்தவன் அல்லவா?' என்று கேட்கிறான். அந்தப் பதிலும் இன்று ஒரு பழமொழி போலவே புழங்குகிறது. உழைப்பைப் போற்றும் ஸ்பானியர் என்று ஒரு வரியைக் கொண்டு முடிவுகட்டும் வாசகருக்கு இந்த மகனின் குரல் கேட்காமலே போய்விடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புழக்கத்தில் உள்ள ஸ்பானியப் பழமொழிகளைப் பெரும்பாலும் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. 'புரிந்துகொள்பவனுக்குச் சில சொற்கள் போதும்' என்பதில் 'புரிந்துகொள்பவனுக்கு…' என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். 'பக்கத்து வீட்டுக்காரனின் தாடியை மழிப்பதைக் கண்டால் உன் தாடியை நனைத்து வை' என்பதில் முதல் பாதியோடு பேச்சு முடிந்துவிடும். மீதியைக் கேட்பவர் மனத்துக்குள் முடித்துக்கொள்வார். முடிக்கத் தெரிந்தவர் நம்மவர், தெரியாதவர் வெளியார் என்பது அங்கே சொல்லாமலே விளங்கும்.

பழமொழியின் இந்தப் பேச்சுத் தன்மையை ஸ்பானிய நாவலாசிரியர் செர்வான்டெஸைப் போலக் கண்டு எழுதியவர் வேறு எவரும் இல்லை என்பது என் எண்ணம். டான் குயிக்ஸாட் நாவலின் முதல் பாகம் 1605-இலும் இரண்டாம் பாகம் 1615-இலும் வெளிவந்தன. இரண்டாம் பாகத்தில், எழுத்தறிவில்லாத குடியானவனான சாஞ்சோ பான்ஸா ஒரு தீவுக்கு ஆளுநராகப் புறப்படும் வேளையில், அவனுடைய எசமானரான டான் குயிக்ஸாட் அவனுக்கு அறிவுரை கூறுகிறார். நகத்தை வெட்டு, பூண்டும் வெங்காயமும் தின்னாதே என்ற வரிசையில், பேச்சில் பழமொழிகளைத் திணிக்காதே, தலைமுடியைப் பிடித்து இழுத்து வருவதைப் போல இழுத்து வருகிறாய், அவை அறிவுரையாக இல்லை, உளறலாக இருக்கின்றன என்கிறார். சாஞ்சோவோ, தனக்கு ஒரு புத்தகத்தில் இருப்பதைவிட அதிகமான பழமொழிகள் தெரியும் என்றும், வாய் திறந்தால் எல்லாம் ஒன்றாக வந்து, வெளியேறுவதற்குத் தமக்குள் சண்டை போட்டுக்கொள்கின்றன என்றும் விளக்கம் சொல்கிறான். இனிமேல் பதவியின் கௌரவத்துக்கு ஏற்றவற்றை மட்டுமே சொல்வேன் என்று உறுதியும் கொடுக்கிறான். கொடுத்த அதே மூச்சில் 'நிறைந்த வீட்டில் இரவுச் சமையல் சீக்கிரம் முடியும்', 'எச்சரிக்கை மணி அடிப்பவன் பத்திரமான இடத்தில் இருக்கிறான்' என்று நான்கு பழமொழிகளை அடுக்கிவிடுகிறான். கோபத்தில் வெடிக்கும் டான் குயிக்ஸாட்டின் வசவிலேயே ஒரு பழமொழி இருக்கிறது என்பதுதான் அந்தக் காட்சியின் உச்சம். அதற்குச் சற்றுப் பின்னர், என் சொத்தை நான் செலவழித்தால் உங்களுக்கு என்ன, பழமொழியைத் தவிர எனக்கு வேறு முதல் ஏது என்று சாஞ்சோ கேட்கும்போது சிரிப்பு ஒரு கணம் நின்றுவிடுகிறது. நிலமும் படிப்பும் இல்லாத ஒருவனுக்குப் பாட்டன் வழியில் வந்து சேர்ந்தது அந்த வாய்மொழி மட்டும்தான்.

இதே காட்சியில் டான் குயிக்ஸாட் சொல்லும் ஒரு வாக்கியம் தங்கள் பகுதிக்கும் பொருந்தும். இடமறிந்து சொல்லும் பழமொழியைத் தான் குறை கூறவில்லை, கண்டபடி கோப்பதையே கண்டிக்கிறேன் என்கிறார் அவர். இடமறிதல் என்ற ஒன்றுதான் அச்சில் விடுபட்டுப் போகிறது.

செர்வான்டெஸின் பெயரை எடுத்ததால் ஒரு பிழையையும் சுட்டிக்காட்டக் கடமைப்பட்டுள்ளேன். 'நாய்கள் குரைக்கின்றன, சாஞ்சோ. நாம் முன்னேறிச் செல்கிறோம் என்பதற்கு அதுவே அடையாளம்' என்ற வரியை அந்த நாவலிலிருந்து எடுத்ததாக வெளியிட்டிருந்தீர்கள். அந்த வரி நாவலின் இரு பாகங்களிலும் இல்லை. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலேயே பலரும், அரசியல் மேடைகளில் பேசுவோர் உட்பட, அதைச் செர்வான்டெஸின் பெயரில் சொல்லிவருவதால் தங்கள் தொகுப்பாளரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

பழமொழிகளைத் திரட்டும் வழக்கம் ஸ்பெயினில் மிகப் பழையது. சாண்டில்லானா பிரபுவான இனிகோ லோபெஸ் தே மெண்டோசாவின் பெயரில் 1508-இல் செவில்லா நகரில் அச்சான சிறு தொகுப்பின் தலைப்பே 'தீயருகே அமர்ந்து கிழவிகள் சொல்லும் பழமொழிகள்' என்பது. அரசவைக் கவிஞரான ஒரு பிரபுவின் பெயரைத் தாங்கிய நூல் தன் மூலத்தை மறைக்காமல், அடுப்படிக் கிழவிகள் என்று அட்டையிலேயே ஒப்புக்கொள்வதை நான் மிகவும் மதிக்கிறேன். அதன் பின்னர், சலமான்கா பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் எபிரேயமும் கற்பித்த கொன்சாலோ கோர்ரியாஸ் 1627 வாக்கில் ஒரு பெருந்தொகுப்பை முடித்தார். அது அச்சேறியது 1906-இல்தான். சந்தை நாட்களில் அவர் சலமான்காவின் பாலத்தில் அமர்ந்து, தம் ஏட்டில் இல்லாத பழமொழி ஒன்றைச் சொல்லும் ஒவ்வொருவருக்கும் சில்லறைக் காசு கொடுப்பார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, கிரேக்கப் பேராசிரியர் ஒருவர் ஆட்டு வியாபாரியிடம் பாடம் கேட்டு அமர்ந்திருக்கும் அந்தக் காட்சி எனக்குப் பிடித்தமானது. 20-ஆம் நூற்றாண்டில், 1953-இல், மார்த்தீனெஸ் கிளெய்செர் பொருள்வாரியாகத் தொகுத்து வெளியிட்ட நூலில் 65,000-க்கும் மேற்பட்ட பழமொழிகள் உள்ளன. இத்தனை பெரிய குவியலிலிருந்து ஐந்தாறை எடுத்து 'ஸ்பானியரின் ஞானம்' என்று தலைப்பிடும்போது, எந்த ஸ்பானியர் என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

தங்கள் பகுதியில் ஒன்றுகூட இடம்பெறாதவை பருவகாலப் பழமொழிகள். என்னைக் கேட்டால் அவற்றிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். வானிலை அறிக்கை இல்லாத காலத்தில் ஸ்பெயினின் நடுப்பகுதியான காஸ்தீலிய மேட்டுநிலத்து விவசாயி விதைப்பையும் அறுவடையையும் புனிதர்களின் திருநாட்களை அடையாளமாக வைத்தே கணக்கிட்டார். எழுத்தறியாதவருக்கும் நினைவில் நிற்க வேண்டும் என்பதால் அவை எதுகையோடு அமைந்தன. 'என் அப்ரில், அகுவாஸ் மில்' என்றால் ஏப்ரலில் ஆயிரம் மழை. 'அஸ்தா எல் குவாரெந்தா தே மாயோ, நோ தே கித்தேஸ் எல் சாயோ' என்பது, மே மாதம் நாற்பதாம் நாள் வரை மேலங்கியைக் கழற்றாதே என்கிறது. மே மாதத்துக்கு ஏது நாற்பது நாள்? எண்ணிப் பார்த்தால் அது ஜூன் 9. கோடை வந்துவிட்டது என்று நம்பிய பிறகும் புர்கோஸ், ஆவிலா போன்ற உயரமான ஊர்களில் இரவுக் குளிர் திரும்பி வந்து வாட்டும் என்பதைத்தான், மாயோவுக்கும் சாயோவுக்கும் எதுகை போட்டு, நாட்காட்டியையே நீட்டிச் சொல்லிவிட்டார்கள். அந்த மேட்டுநிலத்தின் பருவத்தைப் பற்றி 'ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம்' என்றும் ஒரு சொல்வழக்கு உண்டு. அங்கே ஓர் ஆண்டைக் கழித்தவர் எவரும் அதை மறுக்கமாட்டார்.

'பனி பொழிந்த ஆண்டு செல்வம் கொழிக்கும் ஆண்டு' என்ற பழமொழியைச் சூழல் இன்றி அச்சிட்டால், துன்பத்துக்குப் பின் இன்பம் வரும் என்ற தத்துவமாக வாசகர் எடுத்துக்கொள்வார். அது உண்மையில் கோதுமையைப் பற்றிய பேச்சு. குளிர்காலத்துக்கு முன் விதைத்த பயிரைப் பனிப் போர்வை உறைகுளிரிலிருந்து காக்கிறது. வசந்தத்தில் மெல்ல உருகும் நீர் ஓடிப்போகாமல் மண்ணுக்குள் இறங்குகிறது. மலையில் தங்கிய பனி கோடையிலும் ஆற்றுக்கு நீர் தருகிறது. மழை குறைந்த நாட்டில் இது வயல் வழியே கற்ற நீரியல்.

இவற்றுள் மிகவும் வியப்பளிப்பவை காலாவதியாகிப் போனவைதாம். 'புனித லூசியா நாளில் இரவு குறையும், பகல் வளரும்' என்பது பழமொழி. அந்தத் திருநாள் டிசம்பர் 13. ஆனால் ஆண்டின் மிக நீண்ட இரவு இப்போது டிசம்பர் 21-ஐ ஒட்டியே வருகிறது. பழமொழி தவறா என்றால், அது பிறந்த காலத்தில் தவறில்லை. பழைய ஜூலியன் நாட்காட்டி சூரியனோடு ஒட்டாமல் மெல்ல விலகிவந்ததால், 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் நீண்ட இரவு டிசம்பர் 13-ஐ ஒட்டியே விழுந்தது. 1582-இல் போப் கிரெகோரி அந்த விலகலைச் சரிசெய்தபோது ஸ்பெயின் உடனே ஏற்றுக்கொண்டது. அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. நாட்காட்டி திருந்தியது; பழமொழி திருந்தவில்லை. 'புனித பிளாஸ் நாளில் நாரையைக் காண்பாய்' என்பதும் அப்படியே. பிப்ரவரி 3 வாக்கில் ஆப்பிரிக்காவிலிருந்து வெண்ணாரைகள் திரும்பிவருவதைக் குறித்த வரி அது. இப்போதோ குளிர்காலம் கடுமை குறைந்து, குப்பைக் கிடங்குகளில் ஆண்டு முழுதும் இரையும் கிடைப்பதால், நாரைகளில் பெரும்பகுதி ஸ்பெயினிலேயே தங்கிவிடுகிறது. செர்வான்டெஸ் பிறந்த ஆல்கலா தே எனாரெஸ் நகரின் தேவாலயக் கோபுரங்களில் அவற்றைக் காணப் பிப்ரவரிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

வரலாற்றில் ஊன்றிய பழமொழிகளும் சூழல் இன்றிப் பாதி பொருளையே தருகின்றன. 'ஸமோராவை ஒரு மணி நேரத்தில் வென்றுவிடவில்லை' என்பது பொறுமையை வலியுறுத்தும் வரியாக வழங்குகிறது. டுவேரோ ஆற்றங்கரையில் உள்ள அந்த நகரை 1072-இல் காஸ்தீலிய மன்னர் இரண்டாம் சாஞ்சோ முற்றுகையிட்டார். உள்ளே இருந்து எதிர்த்தவர் அவருடைய உடன்பிறந்த சகோதரி உர்ராகா. மாதக்கணக்கில் நீண்ட முற்றுகையின் முடிவில், நகருக்கு வெளியே மன்னர் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்ற பொருளில் எடுத்தாளும் பழமொழிக்குப் பின்னால், பொறுத்திருந்தும் நகரையும் உயிரையும் இழந்த ஒருவர் இருக்கிறார். 'செவில்லாவுக்குப் போனவன் நாற்காலியை இழந்தான்' என்பதை இன்று பள்ளிக்கூடச் சிறுவர்கள், எழுந்து போனவனின் இடத்தில் அமர்ந்துகொண்டு, கேலியாகச் சொல்கிறார்கள். 15-ஆம் நூற்றாண்டில் அலோன்சோ தே பொன்செகா என்ற ஒரே பெயர் கொண்ட மாமனும் மருமகனும் பேராயர்களாக இருந்தனர்; மாமன் செவில்லாவுக்கு, மருமகன் சந்தியாகோவுக்கு. கலகம் மூண்ட சந்தியாகோவை அடக்கிக் கொடுப்பதற்காக மாமன் தம் செவில்லாப் பதவியை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்; திரும்பிவந்தபோது மருமகன் எழ மறுத்துவிட்டார். ஆக, நாற்காலியை இழந்தவர் செவில்லாவுக்குப் போனவர் அல்லர், செவில்லாவை விட்டுப் போனவர்.

கசப்பானவற்றையும் மறைக்கக் கூடாது. 'எழுத்து இரத்தத்தோடுதான் உள்ளே இறங்கும்' என்பது பிள்ளைகளை அடித்துப் படிக்கவைப்பதற்கு நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்ட நியாயம். ஓவியர் கோயா 1780-களின் முற்பகுதியில் இதே வரியின் பெயரால் அறியப்படும் ஓர் ஓவியம் தீட்டினார். அது ஸராகோஸா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமர்ந்தபடியே சாட்டையை வீசும் ஆசிரியரும் குனிந்து நிற்கும் சிறுவனும் உள்ள அந்தப் படத்தைப் பார்த்தவர் பழமொழியை ஞானம் என்று அழைக்கத் தயங்குவார். 'மானமுள்ள பெண் கால் முறிந்து வீட்டிலேயே கிடக்க வேண்டும்' என்பது இன்னொன்று. டான் குயிக்ஸாட்டில் அதைச் சொல்பவள் சாஞ்சோவின் மனைவி தெரேசா. பெருமைக்கு ஆசைப்பட்டு ஊரைவிட்டுக் கிளம்ப மறுக்கும் ஒரு பெண்ணின் வாயில் அது வேறொரு நிறம் கொள்கிறது என்பது உண்மையே. ஆயினும் அந்த வரி கோடிக்கணக்கான வீடுகளில் எதற்குப் பயன்பட்டது என்பதில் ஐயமில்லை. பழைய தொகுப்புகளில் யூதரையும் மூர்களையும் ஜிப்சிகளையும் இழிவுபடுத்தும் வரிகளுக்கும் பஞ்சமில்லை. நாட்டுமக்களின் பட்டறிவு என்ற பெயரில் அவர்களுடைய வெறுப்பும் சேர்ந்தே சேமிக்கப்பட்டிருக்கிறது.

இதை முதலில் எடுத்துச் சொன்னவர்கள் வெளிநாட்டார் அல்லர். ஒவியேதோ நகரில் வாழ்ந்த பெனடிக்ட் சபைத் துறவி பெனிட்டோ ஃபெய்ஹோ, பழமொழிகளைச் சுருக்கமான வேதவாக்கு என்று கொண்டாடும் வழக்கத்தை 18-ஆம் நூற்றாண்டிலேயே மறுத்து, அவை தவறக்கூடியவை என்று வாதிட்டார். அதை அவர் ஒரு கடிதமாகத்தான் எழுதினார் என்பது எனக்குச் சற்றே துணிச்சல் தருகிறது.

பசியைப் பற்றியும் ஒரு சொல். ஸ்பானியப் பழமொழிகளில் ரொட்டி வரும் அளவுக்கு வேறு எந்தப் பண்டமும் வருமா என்பது ஐயமே. 'ரொட்டி இருந்தால் துயரம் குறையும்', 'எனக்கு ரொட்டியைக் கொடு, முட்டாள் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்' என்பவற்றை எழுதாமல் சொன்னவர்கள் யார் என்று விளக்கத் தேவையில்லை. தங்கள் தேர்வில் காதலும் நட்பும் காலமும் இருந்தன, ரொட்டி இல்லை.

நமது 'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பதற்கு இணையாக 'அழாதவன் பால் குடிக்கமாட்டான்' என்பது அங்கும் உண்டு. இத்தகைய ஒற்றுமைகள் இனிமையானவைதாம். ஆனால் ஒற்றுமை உள்ளவற்றை மட்டுமே தேடித் தேடி வெளியிட்டால், மே நாற்பதும் லூசியா நாளும் ஸமோராவும் ஒருநாளும் தமிழ் வாசகரை எட்டா. அதேபோல, ஸ்பானிய மொழியில் இருப்பவை எல்லாம் ஸ்பெயினுடையவை அல்ல. தாங்கள் ஸ்பெயினின் பெயரில் தந்திருந்த 'தமாலாகப் பிறந்தவனுக்கு வானத்திலிருந்து மடல் விழும்' என்பது மெக்சிகோவைச் சேர்ந்தது. மக்காச்சோள மாவை மடலில் பொதிந்து அவிக்கும் அந்நாட்டுப் பண்டம்தான் தமால்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இடம் குறைவு என்பதை அறிவேன்; ஒரு வாரத்துக்கு ஐந்து பழமொழிகளுக்குப் பதிலாக ஒன்றை மட்டும் எடுத்து, அதை யார், எப்போது, யாரிடம் சொல்வார்கள் என்று நான்கைந்து வரிகள் சேர்த்து வெளியிடுங்கள். பருவகாலப் பழமொழிகளை அந்தந்தத் தேதியை ஒட்டிய வாரத்தில் வெளியிட்டால் இன்னும் சிறப்பு. நாய் குரைக்கும் வரிக்கும் தமால் வரிக்கும் அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர் ஒருவர்